வெயிலை விடத் தெரிந்த பந்தல்

கீற்றுப் பந்தலை ரசிக்க வேண்டுமானால் தரையைப் பார்க்க வேண்டும். சித்திரை மாதத்தில் திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி, கவரப்பேட்டை, கும்மிடிப்பூண்டி பக்கம் வீட்டு வாசலிலோ டீக்கடை முன்னாலோ போட்ட பந்தலுக்குக் கீழே, காசு இறைத்ததுபோல் வெளிச்ச வட்டங்கள் கிடக்கும். கீற்றின் ஓட்டை சதுரமோ, முக்கோணமோ, கோணல் கீறலோ, தரையில் விழுவது வட்டம்தான். ஒவ்வொரு வட்டமும் சூரியனின் உருவம். 2019 டிசம்பர் 26 கிரகணத்தன்று அத்தனையும் பிறைகளாகிவிட்டன. எங்கே கீற்று நெருங்கிவிட்டது, எங்கே விலகிவிட்டது என்பதை அண்ணாந்து பார்ப்பதைவிடக் குனிந்து இந்த வட்டங்களைப் பார்த்தால் சட்டென்று தெரிந்துவிடும்.

இந்தப் பந்தலுக்கு வேண்டிய பொருளெல்லாம் பக்கத்திலேயே விளைகிறது. கடலோர மணல் நிலத்துச் சவுக்குத் தோப்பு நான்கைந்து ஆண்டில் கழிக்கு வெட்டும் பருவத்துக்கு வந்துவிடும். 19ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டித்தான் சென்னை மாகாணக் கடற்கரை நெடுகச் சவுக்கை நட்டார்கள். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் திருவள்ளூர் வழியாகத்தான் போனது. எஞ்சின்கள் நிலக்கரிக்கும், டீசலுக்கும், மின்சாரத்துக்கும் மாறிவிட்டன. சவுக்கு மட்டும் பந்தற்காலாக இங்கேயே நின்றுவிட்டது.

தென்னை மட்டையை நடுவே பிளந்து, தண்ணீரில் ஊறப்போட்டு, இலைகளை மாற்றி மாற்றி முடைந்தால் கீற்று. கால் நட்டு, வரிச்சு கட்டி, கீற்றைப் பரப்பி, கயிற்றால் இறுக்குவார்கள். ஆணி கிடையாது. ஆணி இறங்கிய இடத்தில் கழி பிளக்கும். கட்டோ காற்றுக்குக் கொஞ்சம் அசைந்துகொடுத்துவிட்டுத் தன் இடத்துக்கே திரும்பும். புயல் கடக்கும் கரையில் இதைவிடப் புத்திசாலித்தனமான மூட்டு எனக்குத் தெரியவில்லை. மழைக்கு வேய்கிற கூரையில் கீற்று நெருக்கமாக ஒன்றன்மேல் ஒன்று ஏறும். வெயிலுக்கான பந்தலில் ஒரே அடுக்கு, அதுவும் இடம் விட்டு. கீழே சூடாகிற காற்று அந்த இடைவெளியில் மேலேறிப் போய்விடும். தகரக் கொட்டகை வெயிலை மறைத்துவிட்டு வெக்கையை இறக்குகிறது. சிப்காட் தொழிற்பேட்டை வாசலில் தகரத்துக்குக் கீழே மதியம் காத்து நின்ற எவருக்கும் இது தெரியும்.

இதே கலை தன் நுட்பத்தின் உச்சத்தைத் தொடுவது மலையில், தேயிலை நாற்றங்காலில். நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலையைப் பெரும்பாலும் விதை போட்டு வளர்ப்பதில்லை. தாய்ச்செடியின் கிளையை, ஓர் இலையும் அதன் கீழே சிறு தண்டுமாக நறுக்கி, மண் நிரப்பிய பாலித்தீன் பைகளில் நடுகிறார்கள். தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர்கள் சங்கமான உபாசியின் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்கள் மலை மலையாகப் பரவியது இந்த வழியில்தான். வேரில்லாத அந்தத் துண்டுக்கு இருக்கும் ஒரே சொத்து அந்த இலை. வெயில் கூடினால் இலை கருகும். வெளிச்சம் குறைந்தால் இலைக்கு உணவு தயாரிக்க வழியில்லை, வேரும் பிடிக்காது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கூரையைக் கட்ட வேண்டும், அதுவும் சரிவில். சரிவைப் படியாக வெட்டிப் பாத்தி போடுகிறார்கள். தரை இறங்க இறங்கக் கால்களின் நீளம் கூடுகிறது, கூரை மட்டும் மட்டமாக நிற்கிறது. காற்று ஏறிவரும் பக்கத்தில் தட்டி. மேட்டுத் தண்ணீர் பாத்திக்குள் இறங்காமல் திருப்பிவிட மேற்புறத்தில் ஒரு வாய்க்கால்.

வேர் பிடிக்க மூன்று மாதம் போலாகும். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை: நிழலைக் கழற்றுவது. ஒரே நாளில் பிரித்தால் கன்று வெந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூரையை மெலிதாக்கி, நடவுக்குப் போகும் சமயத்தில் முழு வெயிலையும் தாங்கும்படி பழக்க வேண்டும். பெரணி போன்ற தழையை வெட்டிக் கூரையாகப் போட்ட நாற்றங்கால்களில் இதில் பாதியைத் தழையே செய்துவிடும். காய்ந்து, சுருண்டு, உதிர்ந்து, வாரத்துக்கு வாரம் வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போகும். கன்று முதிர முதிரக் கூரை கரையும். ஓலையும் தழையும் மட்கிப்போவதைக் குறையென்றே பேசிப் பழகிவிட்டோம். நாற்றங்காலில் அந்த மட்கல்தான் பந்தலின் உயிரான குணம்.

ஜப்பானின் ஊஜியில் நேர்மாறாகச் செய்கிறார்கள். அங்கே மரபுமுறையில் கொழுந்து விடும் பருவத்தில் தோட்டத்தின் மேலேயே மரமும் மூங்கிலுமாகச் சட்டம் கட்டி, முதலில் நாணல் தட்டிகளை விரித்து, சில நாள் கழித்து அதன் மேல் வைக்கோலைத் தூவி, இருட்டை இரண்டு கட்டமாகக் கூட்டுகிறார்கள். பறிப்பதற்கு முன் இருபது நாளுக்குக் குறையாத நிழல். வெளிச்சம் குறையும்போது இலை பச்சையத்தைப் பெருக்குகிறது. தியனின் என்ற சுவைப்பொருள் துவர்ப்பாக மாறாமல் தங்குகிறது. மாட்சா என்ற தேயிலைத் தூளின் அடர்பச்சையும் இனிப்பும் அந்த நிழல் கொடுத்தவை.

நம் மலையில் வளர்ந்த தோட்டத்துக்குப் பந்தல் போடுவதில்லை. அந்த வேலையை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் பார்க்கிறது. நேராக உயர்ந்து, பெரணியைப் போல் வெட்டுப்பட்ட இலைகளால் வெளிச்சத்தைச் சலித்து இறக்கும் மரம். முதலில் நெருக்கமாக நட்டு, பிறகு ஊடுமரங்களை எடுத்து இடைவெளியைக் கூட்டுவார்கள். தென்மேற்குப் பருவமழைக்கு முன் கிளை கழிப்பார்கள். தை முதல் சித்திரை வரை வேண்டியிருந்த நிழல், மழை மேகம் கவிந்த ஆடியில் பாரமாகிவிடும். 1946இல் கொப்புள நோய் என்ற பூஞ்சை நோய் தென்னிந்தியத் தேயிலைக்குள் நுழைந்தபோது, ஈரமும் நிழலும் அந்தப் பூஞ்சைக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதைத் தோட்டங்கள் நேரில் கண்டன. அடர்ந்த நிழலை வெட்டிக் குறைத்தார்கள். மரத்தில் ஏறிக் கத்தியைப் பிடிப்பவர் எந்தக் கிளையை விட்டுவைக்கிறார் என்பதில்தான் அவருடைய கைத்திறனைப் பார்க்க வேண்டும்.

இன்று மலையிலும் சமவெளியிலும் பச்சை நிழல்வலைதான். திருவள்ளூர் மாவட்டத்துக் காய்கறி நாற்றுக் குடில்களிலும் அதுவே. விலை குறைவு, சீக்கிரம் கட்டலாம், எலியும் கரையானும் அண்டாது. அதை நான் வெறுக்கவில்லை. ஆனால் ஐம்பது சதவீத வலை முதல் நாளும் கடைசி நாளும் ஐம்பது சதவீதமே. அதை வைத்துக்கொண்டும் பந்தல்காரரின் வேலையைச் செய்ய ஒரு வழி உண்டு. கனமான ஒரே வலைக்குப் பதிலாக முப்பத்தைந்து சதவீத வலை இரண்டை, இடையே ஒரு முழம் விட்டு, தனித்தனிக் கம்பியில் ஓடவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய 58 சதவீத நிழல். வேர் பிடித்ததும் மேல் வலையைக் காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் சுருட்டலாம். அடுத்த வாரம் மாலையிலும். அது முழுதாகக் கழன்ற பிறகு கீழ் வலைக்கு வரலாம், மேகமூட்டமான ஒரு நாளாகப் பார்த்து.