காட்டாத முகமும் கேட்கும் இசையும்

முஸ்தபா அக்காத் இயக்கிய 'தி மெஸேஜ்' (1976) திரைப்படத்தைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், அண்ணல் நபி (ஸல்) அவர்களின் உருவமும் குரலும் அதில் இடம்பெறவில்லை என்பதே முதலில் பாராட்டப்படுகிறது. பாராட்டுக்குரியதுதான். ஆயினும், அவ்வாறு விடப்பட்ட இடத்தை அப்படத்தில் நிரப்புவது எது என்ற வினா அரிதாகவே எழுகிறது.

நிரப்புவது இசை. அண்ணலார் அருகிருக்கும் காட்சிகளில் நடிகர்கள் கேமராவை நேரே நோக்கிப் பேசுகின்றனர். மறுமொழிக் குரல் எழுவதில்லை. அவர்களின் அண்மையை உணர்த்த மெல்லிய ஆர்கன் ஒலி தவழ்கிறது. இசையமைத்தவர், 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வுக்காக (1962) ஆஸ்கர் பெற்ற பிரெஞ்சுக்காரர் மோரீஸ் ஜார். ஹம்ஸா (ரலி) அவர்களாக ஆங்கிலப் படத்தில் ஆன்டனி குவின், அரபுப் படத்தில் அப்துல்லாஹ் கைஸ் என நடிகர்கள் மாறினர், இசையமைப்பாளர் மாறவில்லை.

ஆர்கன் மேலைத் தேவாலயத்தின் கருவி. 'பென்ஹர்' (1959) படத்தில் ஈஸா நபியின் முகத்தைக் காட்டாமல், அவர்களின் வருகையை மிக்லோஷ் ரோஸாவின் இசையால் சுட்டியபோதும் இவ்வொலியே பயன்பட்டது. ஹாலிவுட் புனிதத்துக்கென வகுத்துக்கொண்ட வாய்பாடு, மக்காவின் மணல்வெளிக்கும் அப்படியே பெயர்த்துவரப்பட்டது. உருவம் கூடாது என்பதன் நோக்கங்களுள் ஒன்று, உள்ளத்திலுள்ள மதிப்பை ஒரு நடிகரின் முகத்துக்குள் அடைத்துவிடலாகாது என்பது. இசையும் அடைக்கவல்லதே. இங்கே இன்ன உணர்வு கொள்க என்று அது ஆணையிடும்போது, பார்ப்பவர் தாமாக ஸலவாத்துச் சொல்லி நினைத்துக்கொள்ளும் அந்த நொடி பறிபோகிறது.

ஒட்டகம் எங்கே மண்டியிடும் என்று மதீனத்து மக்கள் பின்தொடரும் காட்சியில், அவர்களின் முகங்களே வருகையைச் சொல்லப் போதுமானவை. தொழுகைக்கு அழைக்க மணியும் கொம்பும் ஆலோசிக்கப்பட்டு, முடிவில் மனிதக் குரலே தேர்ந்துகொள்ளப்பட்ட வரலாற்றை நாமறிவோம். ஜானி செக்கா ஏற்று நடித்த பிலால் (ரலி) பாங்கு சொல்லும்போது படம் எட்டும் உயரத்தை ஜாரின் ஆர்கன் எங்கும் எட்டவில்லை. பின்னணி இசையில் ஒருமைப்பாடும் கம்பீரமும் உண்டு. ஆஸ்கர் பரிந்துரை தகுதியின்றிக் கிடைத்ததன்று. குறை திறமையில் அன்று, அத்திறமையை வைத்த இடத்தில்.

மஜீத் மஜீதியின் 'முஹம்மது: இறைத்தூதர்' (2015) படத்திலும் இதே சிக்கல். இசை, நம் ஏ. ஆர். ரஹ்மான். சிறுவர் பருவத்து அண்ணலாரைப் பின்புறமாகக் காட்டிவிட்ட பிறகும், குழுப் பாடலும் பெருவாத்தியங்களும் வியப்பை ஊட்டிக்கொண்டே இருக்கின்றன. மும்பையின் ரஸா அகாடமி அவ்வாண்டு இருவர்மீதும் ஃபத்வா பெற்றபோது, தாம் மார்க்க அறிஞர் அல்லர், நல்லெண்ணத்துடனேயே பணியாற்றியதாக ரஹ்மான் பணிவுடன் விளக்கினார். அச்சர்ச்சை முழுவதும் கூடுமா கூடாதா என்பதைச் சுற்றியே நடந்தது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா'வில் ஸமாஉ பற்றிய பகுதியில் காலம், இடம், உடனிருப்போர், கேட்பவரின் உள்ளநிலை ஆகிய அனைத்தையும் எடைபோடுகிறார். அந்த அளவுகோலைக் கையிலெடுத்திருந்தால், எந்தக் காட்சியில் இசை ஒலித்தது, எதில் அது வாய்மூடியிருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்க முடியும்.