வரையாடு பார்க்க எந்த டிரைபாட்?

மலையில் விலங்கு பார்ப்பது பெரும்பாலும் உட்கார்ந்து செய்யும் வேலை. டிரைபாட் வாங்கும்போது பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். ஆள் உயரத்துக்கு எழும் கால்களுக்குப் பணம் கொடுத்து, ஏற்றம் முழுக்க அதன் எடையையும் சுமக்கிறார்கள். அந்த உயரத்தை விட்டுக்கொடுத்தால் எடை குறையும், உறுதியும் கூடும். பீக் டிசைன் டிராவல் டிரைபாட்டின் கார்பன் ஃபைபர் மாடலை இந்தக் கண்ணோடுதான் சோதித்தேன். கூடவே 10x42 பைனாகுலர், சாய்ந்த கண்வில்லை கொண்ட 65 மி.மீ. ஸ்பாட்டிங் ஸ்கோப்.

முதலில் அளவுகள். எடை 1.29 கிலோ. மடித்தால் சுமார் 39 செ.மீ., முதுகுப்பைக்குள்ளேயே அடங்கிவிடும். நடுத்தண்டை உயர்த்தினால் 152 செ.மீ., உயர்த்தாவிட்டால் 130 செ.மீ. தாங்கும் திறன் 9.1 கிலோ என்கிறது நிறுவனம். ஸ்கோப்பின் எடை இரண்டு கிலோவைத் தாண்டாது என்பதால் அந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். நாம் பார்க்க வேண்டியது அதிர்வு. 40 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப், காலில் எழும் சிறு நடுக்கத்தையும் 40 மடங்காக்கிக் காட்டும்.

இதன் கால்களில் ஐந்து பிரிவுகள். கீழே போகப் போக மெலியும். எல்லாவற்றையும் திறந்து, நடுத்தண்டையும் ஏற்றி, புல்வெளிக் காற்றில் நிறுத்தினால் 40 மடங்கில் படம் நடுங்கிக்கொண்டே இருக்கும். இந்த எடையுள்ள எந்த டிரைபாட்டும் அப்படித்தான். தரையில் உட்கார்ந்தால் கண் மட்டம் ஏறத்தாழ 75 செ.மீ. அதற்கு மெலிந்த கடைசி இரண்டு பிரிவுகளைத் திறக்கவே தேவையில்லை. நடுத்தண்டு இறங்கியே இருக்கட்டும். சரிவில் ஒரு காலைக் கீழ்ப்பக்கம் நீட்டி வையுங்கள். இப்போது அதே டிரைபாட் வேறொன்றாகிவிடுகிறது. தொலைவில் நிற்கும் முதிர்ந்த கடாவின் முதுகில் உள்ள வெளிறிய திட்டு தெளிவாகத் தெரிகிறது.

நடுத்தண்டின் அடியிலுள்ள கொக்கியில் பையை மாட்டும்போது ஒரு கவனம் தேவை. அந்தரத்தில் தொங்கும் பை காற்றில் ஆடி, நடுக்கத்தைக் கூட்டும். பையின் அடி தரையைத் தொடும்படி மாட்டினால் பலன் உண்டு.

இனி தலை. இதிலுள்ள பால் ஹெட்டில் பக்கவாட்டில் மட்டும் திருப்பும் தனி வசதி கிடையாது. புகைப்படத்துக்கு அது குறையில்லை. ஆனால் பாறைமுகத்தை இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாகத் துழாவ வேண்டியவருக்கு அது தடை. பந்தைத் தளர்த்தியதும் ஸ்கோப் முன்பக்கமாகக் கவிழப் பார்க்கும். அடாப்டர் போட்டுச் சிறிய ஃப்ளூயிட் ஹெட் பொருத்தலாம். அப்போது எடை கூடும். தலை கால்களுக்குள் பதிந்து மடியும் கச்சிதமும் போய்விடும். பைனாகுலருக்கு மட்டும் என்றால் இருக்கும் தலையே போதும்.

பைனாகுலருக்கா டிரைபாட் என்று கேட்பவர்கள் ஒருமுறை மாட்டிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் அரிசோனாவில் மான் தேடும் வேட்டைக்காரர்களிடம் வேரூன்றிய பழக்கம் இது. கை நடுக்கம் நின்றதும், புல்லுக்கு நடுவே ஒரு காது அசைவதுகூடக் கண்ணில் படும். அவர்கள் அதே டிரைபாட்டில் துப்பாக்கியையும் தாங்க வைப்பதால் தடித்த கால்களைத் தேடுகிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டைக்கு இடமில்லாத நம் மலைகளில் அந்தக் கூடுதல் எடை நமக்குத் தேவையில்லை.

யார் வாங்கலாம்? பைனாகுலரும் கேமராவும் கொண்டு போகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். அலுமினிய மாடல் 1.56 கிலோ, வித்தியாசம் 270 கிராம்தான், விலையோ கணிசமாகக் குறைவு. என் பரிந்துரை அதுவே. ஸ்கோப்தான் முக்கியம் என்பவர்கள், இதை விட்டுவிட்டு, மூன்று பிரிவுக் கால்களும் தனி ஃப்ளூயிட் ஹெட்டும் தேடுங்கள். மடித்தால் நீளமாக இருக்கும், பரவாயில்லை.

வால்பாறைச் சாலையின் ஒன்பதாம் கொண்டை ஊசி வளைவிலோ இராஜமலையிலோ வரையாடு அருகிலேயே நிற்பதுண்டு. அதனால் இன்னும் நெருங்கலாம் என்ற ஆசை வரும். குட்டி ஈனும் பருவத்தில், இராஜமலை அமைந்துள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவைப் பயணிகளுக்கு மூடிவிடுகிறார்கள் என்பதை அப்போது நினைத்துக்கொள்ள வேண்டும். மனிதர் நெருங்கினால் மேய்ச்சலை விட்டு ஓடும் விலங்கு அது. உறுதியான டிரைபாட் இருந்தால் ஓரடிகூட முன்னே போகாமல் அதன் கொம்பு வரிகளைப் பார்க்கலாம். இந்தக் கருவிக்குக் காசு செலவழிக்க எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.