பூட்டும் உரிமையும்: புலமைச் சொத்துச் சட்டம் பற்றிய ஒரு நோக்கு

மீள்குடியேறிய சில ஆண்டுகளின் பின், கனகராயன்குளத்திலுள்ள எமது வீட்டுக்கு ரொறன்ரோவிலிருந்து மாமா திரைப்பட இறுவட்டொன்றை அனுப்பியிருந்தார். விலைகொடுத்து வாங்கிய அசல் டிவிடி அது. வவுனியாவில் வாங்கிய இயக்கியில் அது ஓடவில்லை. வட அமெரிக்காவை முதலாம் வலயமாகவும் தென்னாசியாவை ஐந்தாம் வலயமாகவும் வகுத்த வலயக் குறியீடே தடையாயிற்று. படியெடுப்பதைத் தடுக்கும் மறைகுறியாக்கமும் அத்தகைய இறுவட்டுகளில் உண்டு. இப்பூட்டைத் திறந்து எமக்கேற்ற படியொன்றைச் செய்துகொள்வது குற்றமாகுமா?

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், சட்டபூர்வமான பிரதியிலிருந்து ஒருவர் தமது சொந்தத் தேவைக்கென ஒரு படி எடுப்பதைச் சில விலக்குகளுக்கு உட்பட்டு அனுமதிக்கின்றது. ஆயின், பூட்டைத் திறவாது படியெடுக்க இயலாதெனின் அவ்வனுமதியாற் பயன் யாது? ஒரு கையாற் கொடுத்ததை மறு கையாற் பறிப்பதாகவே அது முடியும்.

பிறநாட்டு நிலையும் ஒருமுகப்பட்டதன்று. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம், குறித்த விலக்குகள் நீங்கலாக, பூட்டைத் திறத்தலையே தடைசெய்கின்றது. நோர்வேயில், டிவிடியின் பூட்டைத் திறக்கும் நிரலோடு தொடர்புபட்டு வழக்குத் தொடரப்பட்ட யோன் யொஹான்சன் என்ற இளைஞர் 2003இல் இரு நீதிமன்றங்களாலும் விடுவிக்கப்பட்டார். தாம் வாங்கிய படத்தைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டென்பதே தீர்ப்பின் சாரம். 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65அ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டைத் திறப்போருக்கே ஈராண்டு வரையிலான சிறையும் தண்டமும் விதிக்கின்றது. செயலைவிட நோக்கத்தை எடைபோடும் இம்முறையே ஏற்புடையதெனலாம்.

கலைஞரின் உழைப்பைக் களவாடி விற்போருக்குப் பரிந்துரைப்பது எமது கருத்தன்று. அவர்கள் தண்டிக்கப்படவே வேண்டும். ஆயின் அத்தகையோரைப் பூட்டு தடுத்துவிடவில்லை என்பதைச் சந்தைத் தெருவில் நடந்தோர் அறிவர். தடுக்கப்படுபவர் பணங்கொடுத்து வாங்கியவரே.

வன்னியில் வாழ்ந்தோர்க்குப் படியின் பெறுமதியை எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்விலே கைவிட்டு வந்தவற்றுள் கலியாண ஒளிநாடாக்களும் பாட்டு இறுவட்டுகளும் அடங்கும். வெளிநாட்டு உறவினரிடம் இன்னொரு படி இருந்த வீடுகளுக்கே அவை மீண்டன. எமது வீட்டுக்கு மீளவில்லை. வாங்கிய ஒன்றைக் காத்து வைப்பதற்காகப் பூட்டைத் திறத்தல் குற்றமன்று என்பதை நமது சட்டம் ஐயத்துக்கிடமின்றி எழுதிவைத்தல் வேண்டும்.