குருதி: படையலா, உயிரா?

செகந்திராபாத் உஜ்ஜயினி மகாங்காளி போனாலு சமயத்தில், கோழி, கிடா வெட்டு பற்றிப் பேச்சு வந்தால், "பைபிளிலும் ரத்தபலிதானே, எல்லாம் ஒண்ணுதான்" என்பார்கள் நம்மவர்கள். எனக்கு அப்படிப் படவில்லை.

திருமுருகாற்றுப்படையில் கிடாயின் குருதி கலந்த வெள்ளரிசி முருகனுக்குப் படையலாகிறது. குருதி அங்கே தெய்வத்தை அழைக்கிறது. எபிரேய வேதத்தில் 50ஆம் சங்கீதமோ, ஆட்டு ரத்தத்தை நான் குடிப்பேனா என்று கடவுளே கேட்பதாகச் சொல்கிறது. லேவியராகமம் 17ஆம் அதிகாரப்படி ரத்தத்தில் இருப்பது உயிர். அதை மனிதன் உண்ணலாகாது. வேட்டையில் விழுந்த விலங்கின் ரத்தத்தையும் தரையில் ஊற்றி மண்ணால் மூட வேண்டும். ஆக, பலிபீடத்தில் சேர்வது உணவல்ல; தந்தவனிடமே திரும்பும் உயிர்.

ஒப்பிடலாம், ஒன்றாக்கக் கூடாது. ஆனால் இரு மரபிலும் ரத்தம் மலிவல்ல. பலியைக் கண்டு முகம் சுளித்துவிட்டு, ஞாயிறு காலை கறிக்கடையில் வரிசையாக நிற்கிறோமே, நமக்கு அந்தக் கூச்சமாவது உண்டா?