கருவியும் எழுத்தும்: இயங்குதளங்கள், நிரல்மொழிகள் குறித்து ஒரு தமிழாய்வாளரின் மதிப்பீடு

முன்னுரை

தமிழாய்வில் நூல்களை மதிப்பிடும் மரபு வலுவானது. உரை, பதிப்பு, அகராதி, மொழிபெயர்ப்பு ஆகிய அனைத்தும் நம் திறனாய்வுக்கு உட்படுகின்றன. ஆயின், அவை எழுதப்படும் கணினிக் கருவிகளை நாம் அவ்வாறு மதிப்பிடுவதில்லை. எந்த இயங்குதளம், எந்த எழுத்துரு, எந்த விசைப்பலகை என்பனவெல்லாம் கடைக்காரரின் பரிந்துரையாலோ அலுவலகக் கொள்முதலாலோ முடிவாகிவிடுகின்றன. ஏட்டுச்சுவடியின் எழுத்தமைதியை நுணுகி ஆராயும் நாம், நம் சொந்தக் கோப்பின் எழுத்தமைதியைப் பற்றிக் கேள்வி எழுப்புவதில்லை.

இக்கட்டுரை அக்குறையை ஓரளவு நிறைவு செய்ய முற்படுகிறது. இதில் நான் முன்வைக்கும் அளவுகோல் ஒன்றே. ஒரு கருவியில் எழுதிய தமிழை, அக்கருவி வழக்கொழிந்த பின்னும், வேறொருவர் வேறொரு கணினியில் ஐயமின்றிப் படிக்க இயல வேண்டும். வேகம், அழகு, விலை ஆகியன இதற்கு அடுத்தனவே. நான் கணினியியலாளன் அல்லன், இலக்கிய ஆய்வாளன். எனவே இங்குள்ள கருத்துகள் பயனாளர் ஒருவரின் தனிப்பட்ட முடிவுகள் எனக் கொள்ளுதல் தகும்.

1. ஜெலாப்பாங்கில் தொகுத்த பாடல்கள்

இவ்வளவுகோலை எனக்குக் கற்பித்தது ஓர் இழப்பு. 1998ஆம் ஆண்டு, பல்கலைக்கழக மாணவனாக இருந்தபோது, ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங்கில் வாழ்ந்த மூதாட்டிகள் சிலரிடம் தாலாட்டு, ஒப்பாரி, பால்மரத் தொழில் சார்ந்த பாடல்கள் ஆகியவற்றைத் தொகுத்தேன். அவர்கள் பேராக்கின் இரப்பர்த் தோட்டங்களில் பிறந்து, தோட்டங்கள் கைமாறியபோது லயத்து வீடுகளை விட்டு வெளியேறியவர்கள். அவர்கள் பாடியதை ஒலிநாடாவில் பதிவு செய்து, அன்று கடையில் கிடைத்த ஒரு தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்தேன். தட்டச்சு முடிந்ததும் அதே நாடாவில் அடுத்தவரின் பாடலைப் பதிவு செய்தேன். நாடா வாங்கப் பணம் போதாத காலம் அது. எழுத்தில் வந்துவிட்டது, இனி அழியாது என்பது என் நம்பிக்கை.

வெளிநாட்டில் முனைவர் பட்டம் முடித்துத் திரும்பியபின் அக்கோப்பைப் புதிய கணினியில் திறந்தேன். தமிழுக்கு மாறாகப் பொருளற்ற உரோமன் எழுத்துகளும் குறிகளும் நிறைந்திருந்தன. காரணம் எளியது. அக்கால எழுத்துருக்களில் பல, 256 இடங்களே கொண்ட எண்பிட்டு அட்டவணையில், ஐரோப்பிய எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தியிருந்தன. எந்த இடத்தில் எந்த வடிவம் என்பதில் எழுத்துருவுக்கு எழுத்துரு வேறுபாடு இருந்தது. எழுத்துரு இல்லையேல் கோப்பு வெறும் எண்களின் வரிசை.

இணைமாற்ற அட்டவணை ஒன்றைக் கையால் அமைத்து, பைத்தான் நிரல்மொழியில் சிறு நிரல் எழுதி, கோப்பின் பெரும்பகுதியை மீட்டேன். எல்லாவற்றையும் மீட்க இயலவில்லை. அந்த எழுத்துருவில் ஔகாரக் குறியின் பிற்பகுதிக்கும் ளகரத்துக்கும் ஒரே இடம். ஒப்பாரி ஒன்றில் வரும் ஒரு சொல்லை 'கௌவி' என்று படித்தால், வாயால் பற்றி என்று பொருள்படும் வினையெச்சம். அங்குச் சாவு வினைமுதலாகிறது. ககர எகரமும் ளகரமும் எனப் பிரித்துப் படித்தால், 'கிழவி' என்பதன் தோட்டப்புறப் பேச்சு வடிவம். அங்கு இறந்தவள் அழைக்கப்படுகிறாள். அவ்வடி இரு பொருளுக்கும் இடம் தருகிறது. பாடியவர் இன்று இல்லை. நாடாவில் வேறொருவர் குரல்.

கையெழுத்திலும் அச்சிலும் இம்மயக்கம் உண்டு என்று வாதிடலாம். அது உண்மையே. ஆனால் ஒருங்குறியில் இவ்விரண்டும் வெவ்வேறு குறியீடுகள். அதில் தட்டச்சு செய்திருந்தால், அன்று என் காது கேட்டதை என் விரல் பிரித்துப் பதிந்திருக்கும். தாளால் காட்ட இயலாத வேறுபாட்டைக் காக்கும் வாய்ப்பு ஒரு நல்ல கருவிக்கு இருந்தது. அதை நான் தேர்ந்தெடுக்கவில்லை.

2. குறியேற்றத் தரப்பாடு: சுருக்கமான பின்னணி

இக்குழப்பத்தைத் தமிழுலகம் அறியாமல் இல்லை. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆயினும் அன்றாட இயங்குதளங்கள் அதைக் காட்டும் திறன் பெறாமையால், இடைக்காலத் தீர்வுகள் தேவைப்பட்டன. 1997இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாடும், 1999இல் சென்னையில் நடந்த மாநாடும் இச்சிக்கலை விவாதித்தன. இணையக் குழுவினர் வகுத்த திஸ்கி ஒருபுறமும், தமிழக அரசு 1999இல் ஏற்ற தாப், தாம் குறியேற்றங்கள் மறுபுறமுமாகத் தரங்களே பலவாயின. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றபோதுதான் அந்த அரசு சார்ந்த தயக்கம் நீங்கியது.

இவ்வரலாற்றில் மலேசியாவின் பங்கு குறிப்பிடத்தக்கது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து முத்து நெடுமாறன் வளர்த்த முரசு மென்பொருள் இங்கு உருவானதே. 2001இல் கோலாலம்பூரிலும், 2013இல் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் தமிழ் இணைய மாநாடுகள் நடைபெற்றன. ஆகவே, தொழில்நுட்பம் நம்மிடம் வந்து சேரவில்லை என்று கூற நமக்கு இடமில்லை. வந்ததை ஆய்வு ஒழுங்காக மாற்றிக்கொள்ளாதது நம் குறை.

3. இயங்குதளங்கள்

விண்டோஸ், தமிழுக்கு 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே ஒருங்குறி ஆதரவும் 'லதா' எழுத்துருவும் தந்தது. இது மறுக்கவியலாத சிறப்பு. ஆனால் 2001இல் வந்த எக்ஸ்பி பதிப்பில் தமிழைச் சரிவரக் காண, கூடுதல் கோப்புகளைப் பயனாளரே தேடி நிறுவ வேண்டியிருந்தது. 2007இல் வெளியான விஸ்டாவிலேதான் அத்தேவை நீங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய எழுத்துருக்கள் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. கருவியில் வசதி இருப்பது வேறு. பெட்டியைத் திறந்ததும் அது வேலை செய்வது வேறு. ஆசிரியருக்குத் தேவை பின்னது.

மேக் இயங்குதளத்தின் 2005ஆம் ஆண்டுப் பதிப்பான 10.4, முத்து நெடுமாறன் வடிவமைத்த 'இணைமதி' எழுத்துருவுடன் வந்தது. 2013இல் ஐஓஎஸ் 7, அஞ்சல், தமிழ்99 ஆகிய இரு விசைப்பலகைகளையும் உள்ளடக்கி வந்தது. எழுத்தின் வடிவொழுங்கில் இக்கருவிகளை நான் முதலிடத்தில் வைப்பேன். ஆயினும் இவற்றின் விலை, ஒரு சிறு தமிழ்ப்பள்ளி பத்துக் கணினி வாங்க எண்ணும்போது எளிதில் எட்டக்கூடியதன்று.

லினக்ஸ், திறமூலம் என்பதால் பழைய கணினிகளிலும் செலவின்றி இயங்கும். அதன் தமிழ் இடைமுகத்தைத் தன்னார்வலர்கள் மொழிபெயர்த்துள்ளனர். மொழிபெயர்ப்பில் பிழை காணின், தமிழாசிரியர் ஒருவரே திருத்தம் முன்மொழியலாம். பிற இரு தளங்களில் அவருக்கு அவ்வுரிமை இல்லை. மலேசிய அரசு 2004இல் பொதுத்துறைக்கான திறமூல மென்பொருள் பெருந்திட்டத்தை வெளியிட்டது. அதைத் தமிழ்த்துறையினர் கூடி விவாதித்ததாக எனக்கு நினைவில்லை. அதேவேளை, பழுது நேர்ந்தால் அருகில் உதவுவோர் அரிது என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் இன்று லினக்ஸைப் பயன்படுத்துகிறேன். எல்லாரும் அதற்கு மாற வேண்டும் என வலியுறுத்தவில்லை. மூன்று தளங்களும் இன்று ஒருங்குறியை ஏற்பதால், தளம் எதுவாயினும் கோப்பு ஒருங்குறியில் இருக்கிறதா என்பதே வினா.

விசைப்பலகையிலும் எனக்கு ஒரு சார்பு உண்டு. உரோமன் எழுத்தால் ஒலித்துத் தட்டும் முறை எளிது. நானும் அதில்தான் தொடங்கினேன். எனினும் மாணவர்க்குத் தமிழ்99 ஏற்றது என்பேன். அதில் உயிர்கள் பெரும்பாலும் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. உயிர்மெய் உருவாகும் இலக்கணம் மாணவரின் விரல்களிலேயே பயிற்சியாகிறது. தமிழை எழுத ஆங்கில எழுத்துக்கூட்டலை நினைக்க வேண்டிய தேவையும் எழாது.

4. நிரல்மொழிகள்

இலக்கிய மாணவருக்கு நிரலாக்கம் எதற்கு என்று வினவுவோர் உளர். நான் தரும் விடை இரு எடுத்துக்காட்டுகளில் அடங்கும்.

முதலாவது, எழுத்தெண்ணிக்கை. 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து. பைத்தான் அதன் நீளத்தை ஐந்து எனக் கூறும். இகரக் குறியையும் புள்ளியையும் அது தனித்தனியே எண்ணுகிறது. யூடிஎஃப்-8 வடிவில் அதே சொல் 15 பைட்டு. சுவிஃப்ட் நிரல்மொழி மூன்று எனச் சரியாகக் கூறும். அது எழுத்துக் கூட்டத்தை ஓர் அலகாகக் கொள்கிறது. கட்டளைக் கலித்துறையின் அடி, நேரசையில் தொடங்கின் ஒற்று நீக்கிப் பதினாறு எழுத்தும், நிரையசையில் தொடங்கின் பதினேழும் பெறும் என்பது யாப்பு விதி. இதைக் கணினியால் சோதிக்க விரும்பும் மாணவர், கருவி எதை 'எழுத்து' என்கிறது என அறியாவிடின், புலவரின் செய்யுளில் இல்லாத பிழையைக் கண்டுபிடிப்பார்.

இரண்டாவது, அகரவரிசை. மரம், மலை, மழை, மறம், மனம் என்பது நம் அகராதி வரிசை. இச்சொற்களை ஒருங்குறி எண்ணின்படி மட்டும் வரிசைப்படுத்தினால், மனம், மரம், மறம், மலை, மழை என வரும். இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக வகுத்த இஸ்கி அமைப்பைப் பின்பற்றியதால், ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும் தொல்காப்பிய வரிசையைக் கணினி தானாக அறியாது. உரிய வரிசை விதியைக் கொடுத்தால் பின்பற்றும். கொடுக்க வேண்டியவர் தமிழறிந்தவரே.

இவ்வகையில் முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' நிரல்மொழி பாராட்டுக்குரிய முயற்சி. அதில் நிபந்தனை முன்னும் 'ஆனால்' என்னும் சொல் பின்னும் வருகின்றன. இது தமிழ்த் தொடரமைப்போடு இயைந்தது. எனினும் 'ஆனால்' இக்கால உரைநடையில் எதிர்நிலை இடைச்சொல்லாகவே மிகுதியும் வழங்குவதால், இளம் மாணவர் முதல் வாசிப்பில் இடர்ப்படக்கூடும். 'எனில்' என்பது பொருந்தியிருக்கும் எனக் கருதுகிறேன். இத்தகைய சொற்றேர்வில் கருத்துரைக்க வேண்டியது நம் துறை. நாம் அமைதி காத்தால் பொறியாளர்கள் தாமே முடிவு செய்வார்கள். அவர்களைக் குறை கூற நமக்கு உரிமை இராது.

5. ஒரு மாற்றுக்கருத்தும் அதற்கு மறுமொழியும்

மேற்கண்ட குறைகளைக் காட்டி, தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தரும் தேஸ்16 குறியேற்றமே தீர்வு என்பர் சிலர். தமிழக அரசு 2010இல் ஒருங்குறியோடு இதனையும் ஏற்றது. இதில் 'தமிழ்' மூன்று குறியீடுகளே. வரிசையும் நம் மரபுப்படி அமையும். நோயை இவர்கள் சரியாகவே கண்டறிந்துள்ளனர். ஆனால் தேஸ்16 ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தது. அப்பகுதியின் பொருளை உலகின் பிற கணினிகள் அறியக் கடமைப்பட்டவை அல்ல. அதில் எழுதிய கோப்பு, உரிய எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கட்டங்களாகத் தோன்றும். என் 1998ஆம் ஆண்டுக் கோப்புக்கு நேர்ந்ததும் அதுவே. குறையுடைய பொதுத்தரம், குறையற்ற தனித்தரத்தினும் பாதுகாப்பானது.

ஒருங்குறி மட்டும் போதும் என்றும் நான் கூறவில்லை. பழைய தட்டச்சுப்பொறிப் பழக்கத்தால் 'ர்' என்பதற்குக் காலும் புள்ளியும் இடுவோர் இன்றும் உளர். 'கௌரவம்' என்பதை ளகரமிட்டு எழுதுவோர் அதனினும் பலர். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கணினியில் தேடினால் சொல் கிடைக்காது. தரவகத்தில் இல்லாத சொல், நாளைய ஆய்வாளருக்கு வழக்கில் இல்லாத சொல்லாகிவிடும்.

முடிவுரை

இம்மதிப்பீட்டின் அடிப்படையில் துறைசார்ந்த மூன்று நடைமுறைகளை முன்மொழிகிறேன். ஒன்று, ஆய்வேடுகளின் அச்சுப்படியோடு ஒருங்குறியிலான வெற்றுரைக் கோப்பையும் பெற்றுக் காத்தல் வேண்டும். இரண்டு, இளங்கலை மாணவர் ஓர் எளிய நிரல்மொழியில் எழுத்தெண்ணவும் சொல் வரிசைப்படுத்தவும் பயிலுதல் வேண்டும். இதற்குத் தனிப்பாடம் தேவையில்லை, யாப்பு வகுப்பிலேயே சில மணி நேரம் போதும். மூன்று, களப்பணியில் எழுத்துப்படி முடிந்தாலும் மூல ஒலிப்பதிவை அழித்தல் கூடாது.

மூன்றாவதை நான் பிறருக்கு உரைக்கும் தகுதி உடையவனல்லன். ஜெலாப்பாங் தொகுப்பைத் தற்போது பதிப்புக்கு ஆயத்தம் செய்து வருகிறேன். அந்த ஒப்பாரி அடிக்கு இரு பாடங்களையும் தருவதென முடிவு செய்துள்ளேன். சுவடிப் பதிப்பாசிரியர்கள், செல்லரித்த ஏட்டைக் காரணம் காட்டிப் பாடபேதம் தந்தனர். என் பதிப்பில் காரணம் வேறு: பாடியவர் என் முன் அமர்ந்து தெளிவாகவே பாடினார், பதிந்த முறையில்தான் பிழை. அடிக்குறிப்பில் அதை அவ்வாறே எழுதுவேன்.