கவிழ்த்து வைத்த பரிசல்

அரியலூருக்குக் கடல் இல்லை. தெற்கே கொள்ளிடம் உண்டு. 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணைப் பக்கம் வலை வீச ஒரு பழைய பரிசல் போதும். மூங்கில் பிளாச்சில் முடைந்த வட்டக் கூடை, வெளியே சாக்கு, அதன்மேல் தார். அந்தக் காலத்தில் மாட்டுத்தோல்.

ஒழுகினால்? காயவைத்துத் தலைக்குமேல் கவிழ்த்துப் பிடித்தால், வெயில் ஊசியாய் இறங்கும் இடம்தான் ஓட்டை. அதில் ஓர் ஈர்க்கைச் செருகினால் வெளிப்பக்கம் தெரிந்துவிடும். அங்கே சாக்குத் துண்டை வைத்து, காய்ச்சிய தாரைத் தடவ வேண்டும். ஈரமிருந்தால் தார் பிடிக்காது. அவசரக்காரர்கள் ஏமாறுவது இங்கேதான். ஒட்டு ஏற ஏறப் பரிசல் கனக்கும், தூக்கும் தோளுக்குத் தெரியும்.

ஃபைபர் பரிசலில் இந்தத் தொல்லை குறைவு. என் ஓட்டு மூங்கிலுக்கே: ஒடிந்தால் இன்னொரு பிளாச்சைச் செருகி, மாலைக்குள் ஆற்றில் இறக்கிவிடலாம்.