குழந்தைப் பருவம் கண்டுபிடிக்கப்பட்டதா? – பிலிப் ஆரியேஸின் கோட்பாடு பற்றிய ஒரு மதிப்பீடு

மன்னர் வரிசையும் போர் நிகழ்ந்த ஆண்டுகளுமே வரலாறு என்னும் கருத்துக் கைவிடப்பட்டு நெடுங்காலமாகின்றது. உழவரும் கைவினைஞரும் பெண்களும் வரலாற்று நூல்களிற் படிப்படியாக இடம்பெற்றனர். எனினும், முற்காலச் சமூகங்களிற் பெருந்தொகையினராய் விளங்கிய சிறுவர்கள் அந்நூல்களின் வாயிலிலேயே நிறுத்தப்பட்டிருந்தனர். அவ்வாயிலைத் திறந்துவிட்ட பெருமை பிரான்சிய அறிஞர் பிலிப் ஆரியேஸுக்கு (1914–1984) உரியது. வெப்பவலய விவசாய ஆய்வு நிறுவனமொன்றின் தகவற் பிரிவிற் கடமையாற்றியவாறே ஓய்வு நேரங்களில் வரலாறு எழுதியவர் அவர். 1960இல் அவர் வெளியிட்ட நூல் 1962இல் ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்டது.

இடைக்கால ஐரோப்பாவிற் குழந்தைப் பருவம் என்ற எண்ணமே நிலவவில்லை என்பது அவரது முடிபு. தாயினதோ செவிலியினதோ இடையறாத பராமரிப்பின்றி வாழக்கூடிய வயதை எய்தியதும் பிள்ளை வளர்ந்தோர் கூட்டத்திற் கலந்துவிட்டது. பாடசாலையும் புதிய குடும்ப வாழ்வும் வளர்ச்சியடைந்த பிற்காலத்திலேயே அது தனியொரு பருவத்தினராகக் கணிக்கப்பட்டது என்கிறார். ஓவியங்கள், உடைகள், விளையாட்டுக்கள், பாடசாலை வரலாறு, பதின்மூன்றாம் லூயியின் இளமையை அவனது மருத்துவர் ஏரோவார் பதிவு செய்த நாட்குறிப்பு ஆகியவை அவரது சான்றுகள்.

ஈண்டு ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். ஆரியேஸ் கையாண்ட பிரான்சியச் சொல் எண்ணம், உணர்வு ஆகிய இருபொருளையும் தருவது. ஆங்கில மொழிபெயர்ப்பில் அது எண்ணம் என்று மட்டும் ஆயிற்று. பிள்ளைகள் புறக்கணிக்கப்பட்டனர் என்பது தமது கருத்தன்று எனவும் அவர் தெளிவாகவே எழுதியுள்ளார். அவரைச் சாடிய பலர் இவ்விரண்டையும் பொருட்படுத்தினாரல்லர்.

ஆயினும், அவரது அடிப்படைக் குறைபாடு சான்றுகளின் வர்க்கச் சார்பிலேயே உள்ளது. குழந்தை இயேசுவை முதிர்ந்த முகத்துடன் தீட்டிய ஓவியன் சமய மரபொன்றைப் பின்பற்றினான். தன் வீட்டுப் பிள்ளையைக் கண்டறியாதவனாக அவன் இருந்திருக்க முடியாது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை மட்டும் கொண்டு அக்காலத் தெருப்பிள்ளைகளின் வாழ்வை எழுத முற்படுபவர் எத்தகைய இடருக்கு உள்ளாவார் என்பதைத் தமிழ் கற்போர் எளிதில் உணர்வர். அரசகுமாரனின் நாட்குறிப்பு குடியானவன் மகனைப் பற்றி யாது கூறும்?

ஆரியேஸ் தயங்கி நின்ற இடத்தை அவருக்குப் பின்வந்தோர் துணிந்து கடந்தனர். லொயிட் டிமோஸ் (1974) கடந்தகாலக் குழந்தை வாழ்வு முழுவதையும் கொடுமையின் வரலாறாகக் கண்டார். லோறன்ஸ் ஸ்ரோன் (1977), குழந்தைகள் பெருந்தொகையாக இறந்தமையாற் பெற்றோர் அவர்கள்மீது ஆழ்ந்த பற்று வைக்கவில்லை என வாதித்தார். இது பாரதூரமான கூற்று. எழுத்தறியாத கோடிக்கணக்கான தாய்மார், அழுததற்குச் சான்று விட்டுச் செல்லாமையால், அழவேயில்லை எனத் தீர்ப்பிடப்படுகின்றனர்.

இத்தீர்ப்பை மறுக்கும் ஒரு தாயின் குரல் எதிர்பாராத ஓரிடத்திற் பதிவாகியுள்ளது. தென்பிரான்சில் ஆயர் ஜாக் ஃபூர்னியே 1318 முதல் 1325 வரை சமய விரோதிகளை விசாரித்த பதிவேட்டை லெ ருவா லதூரி தமது மொந்தையூ (1975) என்னும் நூலுக்கு ஆதாரமாகக் கொண்டார். அதிலே ஆர்க் என்னும் ஊரைச் சேர்ந்த சிபில் என்பவளின் வாக்குமூலம் வருகிறது. ஒரு வயதும் நிரம்பாத அவள் மகள் நோயுற்றுச் சாகும் நிலையிற் கிடந்தாள். கதார் சமயத்தவர் ஒருவர் இறுதிச் சடங்கை நிறைவேற்றி, இனி அதற்குப் பால் கொடுத்தலாகாது எனப் பணித்தார்; ஆன்மா ஈடேறும் என்று தகப்பன் மகிழ்ந்தான். அவர்கள் அகன்றதும் சிபில் குழந்தையை மார்பில் அணைத்துப் பாலூட்டினாள். அதற்காகக் கணவனின் சினத்தை நெடுநாள் சுமந்தாள். குழந்தைகளை ஆராயும் எண்ணம் அவ்விசாரணையாளருக்கு எள்ளளவும் இருக்கவில்லை; சான்றின் வலிமையும் அதுவே.

பார்பரா ஹனவால்ற் (1986) இவ்வாறே இங்கிலாந்தின் மரண விசாரணை ஏடுகளைப் பயன்படுத்தினார். அடுப்பருகே தொட்டிலில் எரியுண்ட சிசுக்கள், கிணற்றில் வீழ்ந்த சிறுவர் என அவ்வேடுகள் விரிகின்றன. சிறுமியர் வீட்டை அண்டியும் சிறுவர் சற்றுத் தொலைவிலும் விபத்துக்குள்ளாயினர் என்பதிலிருந்து அவர்தம் அன்றாட நடமாட்டம் புலனாகிறது. எனினும் இவை இறந்தோரின் ஏடுகளே. தப்பி வளர்ந்த பிள்ளையை இவற்றிற் காணவியலாது.

லிண்டா பொலொக் (1983) 400க்கு மேற்பட்ட நாட்குறிப்புகளையும் தன்வரலாறுகளையும் ஆராய்ந்து, 1500 முதல் 1900 வரை பெற்றோர் பாசம் பெரிதும் மாறவில்லை என நிறுவினார். ஸ்ரோனுக்கு இது தக்க விடை. ஆனால் நாட்குறிப்பு எழுதியோரும் வசதி படைத்தோரே. தவிரவும், பாசம் மாறவில்லை என்பதோடு ஆய்வு நின்றுவிடுமாயின், வேலைக்கு அனுப்பப்பட்ட வயது, உணவு, கல்வி என மாறியவற்றை ஆராய்வார் யார்?

இவ்வளவிலும் பேசுவோர் பெரியோரே. சிறுவனின் கையே பேசும் அரிய சான்றொன்று 1956இல் உருசியாவின் நொவ்கொரொட் நகரிலே, ஈரமண்ணில் அழியாது கிடைத்தது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒன்பீம் என்ற சிறுவன், ஆறேழு வயதினன் எனக் கருதப்படுபவன், பூர்ச்ச மரப்பட்டைகளில் அரிச்சுவடி கீறிப் பழகியிருக்கிறான். எழுத்து முடிந்த இடத்திற் பகைவனை ஈட்டியாற் குத்தும் குதிரைவீரன் தோன்றுகிறான். வீரனின் அருகே சிறுவனின் பெயர். வேறொரு பட்டையில் விலங்கொன்றை வரைந்து அதுவும் தானே என்று குறித்துள்ளான். வளர்ந்தோர் அவனைக் குழந்தையென எண்ணினரா என்ற வினாவிற்கு அப்பட்டைகளில் விடையில்லை. அவன் வரைந்த மனிதரின் கைவிரல்களோ ஆளுக்காள் எண்ணிக்கையில் மாறுபடுகின்றன.